பம்புக்குப் பொட்டு வைத்தவன்

என் வயசுச் சேக்காளிகளே, உங்களில் பலர் இன்றைக்கு ஒரு விரலால் காரின் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு மறு கையால் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற ஆட்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் அந்த ஒரு விரல் சுகத்தைக் கல்லிடைக்குறிச்சியில் முதலில் அனுபவித்தது மில் முதலாளியோ டாக்டரோ அல்ல, என் அத்தை. மறுப்பவர்கள் நேரில் வரலாம். அத்தைக்கு அந்தச் சுகம் நிலைத்ததற்கு நானே காரணம் என்று முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதில் பாதி உண்மை. மிச்சப் பாதி நடந்தபோது நான் கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை என்பது அப்பாவின் தங்கை. மாமா மலைமேல் இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் சாமான் ஏற்றிப் போனவர். ஒரு மழைக்காலத்தில் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அத்தை எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். கூடவே ஜீப்பும் வந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற மலை வண்டி. அப்போதே அதற்கு என்னைப்போல இரண்டு மடங்கு வயசு. உட்கார்ந்தால் சீட்டிலிருந்து தேயிலைத் தூள் வாசனை எழும்பும். அத்தைக்கு ஓட்டத் தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் பஸ் படியில் விழுந்து வலது தோள் இறங்கியிருந்தது. அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கோ ஆட்டுக்கல். நின்ற இடத்தில் திருப்ப இரண்டு பயில்வான்கள் வேண்டும்.

அங்கேதான் பாய் வந்தார். மேலப்பாளையத்துக்காரர், மாமாவின் சிநேகிதர், பன்னிரண்டு வருஷம் சவுதியில் ஒரு பட்டறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லோரும் சூட்கேஸில் அத்தரும் போர்வையும் கொண்டுவந்தால், இவர் போர்வைக்குள் சுற்றி ஒரு பவர் ஸ்டியரிங் பம்ப்பைக் கொண்டுவந்தார். இன்ஜின் ஓடும்போது பம்ப் எண்ணெயை நெருக்கும். நெருக்கிய எண்ணெய் சக்கரத்தைத் திருப்பும். கை சும்மா வழி காட்டினால் போதும். மூன்று மாதம் மல்லுக்கட்டி அதை ஜீப்பில் மாட்டினார். அத்தை தோளை அசைக்காமல் தெருவைச் சுற்றி வந்தாள். தெரு வாயைப் பிளந்தது.

ஒன்றரை வருஷம் ஓடிய பிறகு, நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் காலாண்டு லீவில், பம்ப் முனக ஆரம்பித்தது. கன்று போடப் போகிற எருமை மாதிரி. பிறகு எண்ணெய் ஒழுகியது. பிறகு ஸ்டியரிங் மறுபடியும் ஆட்டுக்கல் ஆனது.

கெட்ட நேரம் பாருங்கள், அதே வாரம் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. கீழிருந்து வாரம் ஒருமுறை மருந்துப் பெட்டியும், ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டியும் மேலே கொண்டுவர வண்டி வேண்டும். விஜயதசமி காலை பத்து மணிக்குள் முதல் நடை. வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். அத்தை அந்த நிமிஷமே சரி என்றாள். அப்பா பல்லைக் கடித்தார்.

“ஏளா, அந்த மலை ஒம் புருசனை எடுத்தது போதாதா?”

“மலை எங்கண்ணே எடுத்துச்சு? நெஞ்சு எடுத்துச்சு.”

“தோளு இந்த லெச்சணத்துல இருக்கு. வண்டி அந்த லெச்சணத்துல இருக்கு. விஜயதசமிக்கு ஓடலன்னா நான் வாழைத்தார் வியாபாரிட்ட பேசிருவேன். வித்துருவோம்.”

“ஓடுனா?”

“ஓடாது.”

“ஓடுனா?”

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் பிடிவாதக்காரர் என்று அன்றைக்கு நினைத்தேன். மாமாவை மலையிலிருந்து லாரியில் வைத்துக் கீழே கொண்டுவந்தவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நாற்பது வயசாக வேண்டியிருந்தது. பயந்தவன் அதட்டுவான். நான் என் மகளிடம் அதட்டும்போதுதான் புரிந்தது.

பாய் பம்ப்பைக் கழற்றி எங்கள் முன்கட்டு மேஜையில் பிரித்தார். மேஜைக்கு நாலடி தூரத்தில் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டு, என்னைப் பார்த்து, “லே, இது பார்டர். தாண்டினேன்னா சுட்டுருவேன்” என்றார். கோட்டுக்கு வெளியே குத்தவைத்துப் பார்த்தேன். முறுக்கு அளவில் ஒரு இரும்பு வில்லை. அதற்குப் பெயர் ரோட்டர். அதன் விளிம்பில் பத்துக் கீறல். ஒவ்வொரு கீறலிலும் நகத்தளவு ஒரு தகடு. வில்லை சுழன்றால் தகடுகள் வெளியே தள்ளிக்கொண்டு வந்து எண்ணெயை நெருக்கும். பாய் ரப்பர் சீலைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டினார். ஊறிய உளுந்தவடை மாதிரி உப்பியிருந்தது.

“தங்கச்சி, இதுல யாரு பிரேக் ஆயிலு ஊத்தினது?”

“நான் ஊத்தலையே பாய். எண்ணெய் கொறஞ்சிருந்தா அண்ணன்ட்டதான் சொல்லுவேன்.”

அப்பா திடீரென்று காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று தேட ஆரம்பித்தார். அது சென்ற மாதக் காலண்டர்த் தாள். அதுவும் எனக்கு அன்று உறைக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை பாய் எல்லாச் சாமான்களையும் பெட்ரோலில் கழுவி, பழைய பாப்ளின் துணியில் துடைத்து, வெள்ளை வேட்டித் துண்டின் மேல் வரிசையாக அடுக்கினார். மெக்கானிக்குகள் கை துடைக்கிற கழிவுப் பஞ்சைப் பக்கத்திலேயே சேர்க்க மாட்டார், நூல் ஒட்டும் என்பார். பிறகு புது சீல் வாங்க ஜங்ஷனுக்குப் போனார்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற உத்தியோகம் என்னுடையது. அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கையில் கொடுத்து, “ஒண்ணு விடாம வையி. போன வருசம் தேங்கா துருவிய விட்டுட்டே, வருசம் பூரா கை வெட்டிச்சு” என்றாள். இப்படிச் சொன்னால் ஒரு பத்து வயசுக்காரன் சும்மா இருப்பானா? அரிவாள்மனை, உலக்கை, தையல் மிஷின், கத்தரிக்கோல், அப்பாவின் சைக்கிள், சைக்கிளின் பெல், பெல்லின் மூடி. ஜீப்புக்கு மட்டும் பதினெட்டுப் பொட்டு. அதன் பிறகு முன்கட்டு மேஜை கண்ணில் பட்டது.

பார்டர் இருந்தது. ஆனால் சாமி காரியத்துக்குப் பார்டர் உண்டா?

எண்ணெய்ப் பிசுக்கு இரும்பில் குங்குமம் நிற்காது என்று எனக்குத் தெரியும், நான் அனுபவசாலி. எனவே குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்தேன். பத்துத் தகட்டுக்கும் பத்துப் பொட்டு. வில்லைக்கு மட்டும் விசேஷ மரியாதை: ஒவ்வொரு கீறலுக்குப் பக்கத்திலும் குங்குமம், சுற்றிலும் சந்தனம். வால்வு ஸ்பிரிங்கின் வளையம் ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். அது கொஞ்சம் அதிகம்தான், இப்போது ஒத்துக்கொள்கிறேன். வெயிலில் சந்தனம் காய்ந்து மண்சுவர் பூச்சாகிவிட்டது.

பூஜை முடிந்து, பொரியும் அவலும் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தபோது பாயின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. புது சீல் பொட்டலத்தோடு முன்கட்டில் நின்று அவர் மேஜையைப் பார்த்தார். பிறகு சவுதியில் அவருடைய முதலாளி பேசிய பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார்.

“எந்தக் கோட்டிக்காரப் பய இந்தப் பம்புக்குக் கல்யாணம் பண்ணி வச்சது?”

பொரி எந்த இடத்தில் கொட்டியது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் உள்தாழ்ப்பாள் உள்ள இடம் ஒன்றே ஒன்று, கொல்லைக் கோடியில். அங்கே போய் அடைந்தேன்.

அந்த ஒண்டுக் கூண்டில் நான் போட்ட திட்டங்களை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு துகள் மண் போனாலும் பம்ப் செத்துவிடும் என்று பாய் சொல்லியிருந்தார். நான் கால்படி மண் வைத்திருந்தேன். பம்ப் சாகும். நாளைக்கு வண்டி ஓடாது. வாழைத்தார் வியாபாரி வருவார். அத்தை அழுவாள். அத்தை அழுது நான் பார்த்ததில்லை, அதனால் அது எப்படி இருக்கும் என்று தெரியாமல் இன்னும் பயமாக இருந்தது. சுவர் ஏறிக் குதித்து பாபநாசம் போய்ச் சாமியாராகிவிடலாம் என்று முடிவு செய்தேன். படித்துறையில் மீனுக்கே பொரி போடுகிறார்கள், சாமியாருக்குப் போட மாட்டார்களா? மீன் அளவுக்கு நான் வேகமாக வாய் திறப்பேனா என்பதுதான் ஒரே சந்தேகம்.

நடுவில் அப்பா வந்து கதவைத் தட்டினார். “உள்ள யாருலே? ஒரு மணி நேரமா என்னலே பண்ணுதே?”

“வயிறு சரியில்லப்பா.”

“சுண்டல கொறச்சுத் தின்னுல.” சிறிது நேரம் கதவின் அந்தப் பக்கம் கால் மாற்றி நின்றார். “எலே, பைய முடிச்சுட்டு வா. எனக்கும் சரியில்ல.”

கடைசியில் வந்தது அத்தை. “மருமவனே, கதவத் தெற. பாய் ஒன்னையக் கூப்பிடுதாரு.”

“எதுக்கு அத்தை?”

“பொட்டு வச்சவன் வேணுமாம்.”

கதவைத் திறந்தேன். அத்தையின் பின்னால் முன்கட்டுக்குப் போனேன். மேஜையில் எல்லாச் சாமானும் மறுபடி கழுவிப் பளபளவென்று இருந்தது. பாய் ரோட்டரை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

“இங்கன வாலே. இதைப் பாரு.”

ஒரு கீறலின் அடியிலிருந்து வில்லையின் நடுவை நோக்கி, முடி இழை மாதிரி, ஒரு சிவப்புக் கோடு ஓடியது. பாய் துணியால் துடைத்தார். போயிற்று. அத்தையும் நானும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பைய பைய மறுபடி எழும்பி வந்தது.

“மூணு தடவ தொடச்சுட்டேன். திரும்பத் திரும்ப வருது. எண்ணெயில கொழச்சியா குங்குமத்த?”

“ஆமா பாய்.”

“அதான். எண்ணெயோட சேந்து சாயம் விரிசலுக்குள்ள எறங்கிருக்கு. அங்க எங்க பட்டறையில இதுக்குன்னே ஒரு செவப்புச் சாயம் உண்டு. தடவித் தொடச்சுட்டு மேல வெள்ளையா ஒரு பூச்சு பூசினா விரிசல் காட்டிக் குடுத்துரும். நான் கண்ணால பாத்து நல்லாருக்குன்னு வச்சிருந்தேன், தங்கச்சி. நாளைக்கு இதை மாட்டிருப்பேன். ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, சுத்துற சுத்துல இது ரெண்டாப் பொளந்து பம்பு இறுகிருக்கும்.”

அத்தையின் கை தன் வலது தோளைத் தானாகப் போய்ப் பிடித்தது. நடுவளைவில் ஸ்டியரிங் ஆட்டுக்கல் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, எனக்குக்கூட.

“லே, அந்தக் கிண்ணத்த எடுத்துட்டு வா” என்றார் பாய். “இந்தத் தகடு, வளையம், மூடி, எல்லாத்துக்கும் திரும்ப வை. மொதல்ல குங்குமம். நான் தொடச்சதும் சந்தனத்த மெல்லிசா இழுவு.”

தூக்குக் கயிற்றுக்கு என்று போனவனை அழைத்துச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தது மாதிரி இருந்தது. சாக்பீஸ் கோட்டை மிதித்து அழித்துக்கொண்டே போனேன். வேண்டுமென்றே. மற்ற எல்லாச் சாமானும் தேறின. ரோட்டர் மட்டும் வேறு வேண்டும்.

பூஜை நாளில் மத்தியானத்துக்கு மேல் எந்தக் கடை திறந்திருக்கும்? பேட்டைப் பக்கம் ஒரு காயலான் கடையில், தூத்துக்குடித் துறைமுகத்தில் ஓடி ஓய்ந்த பாரம் தூக்கும் வண்டியின் பம்ப் ஒன்று கிடப்பதாகப் பாய் சொன்னார். இதே ஜாதிப் பம்ப். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார், சந்தனக் கிண்ணத்தோடு. கடைக்காரர் இரும்புக் குவியலுக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, கட்டிலில் படுத்துப் பொரி தின்றுகொண்டிருந்தார்.

“கெடக்கு பாய். ஆனா இன்னைக்குத் தொடப்பிடாது. பூஜை போட்டாச்சுல்லா.”

“நீரு தொட வேண்டாம் அண்ணாச்சி. நான் தொடுதேன். எனக்கு இன்னைக்கு ஆயுத பூஜை இல்லையே.”

அண்ணாச்சி மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். “அதுவுஞ் சரிதான். ஆனா குடுத்தா வியாபாரமாயிரும்லா வே?”

“வியாபாரத்த நாளைக்குப் பேசுவோம். இன்னைக்கு நான் சும்மா பாத்துட்டுத் தாரேன்.”

“எங்க வச்சுப் பாப்பீரு?”

“எங்க பம்புக்குள்ள வச்சு.”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்து பொரி புரை ஏறியது. கட்டிலை விட்டு இறங்காமல் தாடையாலேயே வழி காட்டினார். “அங்கன இல்ல, அன்னா, அந்த டைனமோவுக்கு அடியில. பைய எடும் வே, மாலை அறுந்துரப் போவுது.” பாய் குடைந்து எடுத்தார், அங்கேயே பிரித்தார், அளவுகோலால் அளந்தார். நான் கிண்ணத்தைத் திறந்து குங்குமம் வைத்தேன், துடைத்த பிறகு சந்தனம் இழுவினேன். அண்ணாச்சியும் கட்டிலை விட்டு இறங்கி வந்துவிட்டார், மூன்று பேரும் குனிந்து காத்திருந்தோம். கோடு வரவில்லை. “சுத்தம்” என்றேன் நான், ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி.

வீட்டுக்குத் திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பாயின் விரல்களுக்கு அந்த நகத்தளவுத் தகடுகள் அகப்படவில்லை. அத்தை முள்வாங்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா பதறினாள்.

“மதினி, பூஜையில வச்ச சாமான் எதையும் நாளைக்குத்தான் தொடணும்.”

“இந்த முள்வாங்கிக்கு ஒம் மவன் பொட்டு வைக்க மறந்துட்டான். வேணா கேட்டுப் பாரு.”

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த நாளில் நான் விட்ட ஒரே சாமான் அது. தகடுகளில் ஒரு முனை உருட்டு, ஒரு முனை தட்டை. உருட்டு முனை வெளியே பார்க்க வேண்டும். அத்தை இடது கையால் ஒவ்வொன்றாக இறக்கினாள். பத்தாவது தகடு இறங்கியபோது ஒரு சின்னச் சத்தம் கேட்டது, பல்லி சொல்வது போல. பாய் மூடியை மாட்டி, “முடிஞ்சிச்சு தங்கச்சி” என்றார்.

விஜயதசமி காலை ஏழு மணிக்கு வாழைத்தார் வியாபாரி வாசலில் நின்றார். அப்பா வரச் சொல்லியிருந்தார். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, உள்ளே இருக்கும் காற்று போக ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார் பாய். அத்தை தோளை இப்போதே செலவழிக்க வேண்டாம் என்று அப்பாவை உட்கார வைத்தார்கள். இன்ஜின் ஓடியதும் பம்ப் ஓலமிட்டது. எண்ணெய் நுரைத்து, ஆற்றிய காப்பி மாதிரி பொங்கியது. நான் கொல்லைப்பக்கம் பார்த்தேன்; கக்கூஸ் கதவு திறந்துதான் இருந்தது.

“நிப்பாட்டாதீங்க, திருப்புங்க” என்று கத்தினார் பாய். அப்பா திருப்பினார். பத்து, பதினைந்து, இருபது. ஓலம் முனகலானது. முனகல் மூச்சானது. பிறகு இன்ஜின் சத்தம் மட்டும் இருந்தது. பாய் சக்கரங்களைத் தரையில் இறக்கினார். அப்பா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மறு கையின் நாலு விரலை எடுத்தார். மிச்சமிருந்த ஒரு விரலால் சக்கரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. அவர் முகத்தைப் பார்த்த வியாபாரி, “நான் பொறவு வாரேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இவர் விற்க மாட்டார் என்று அவருக்கு முதலில் தெரிந்துவிட்டது, அப்பாவுக்கு இன்னும் தெரியவில்லை.

மருந்துப் பெட்டிகளையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பியபோது அப்பாவும் ஏறினார். “நடுவழியில நின்னா தள்ள ஆள் வேண்டாமா?” என்றார். மணிமுத்தாறு அணையைத் தாண்டி வண்டி வளைவு ஏற ஆரம்பித்ததும் அத்தை திருப்புகிற பக்கமெல்லாம் அவர் கைகள் காற்றில் திரும்பின. பிரேக் இல்லாத இடத்தில் காலால் அமுக்கினார். நான் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லா சாமிக்கும் மனசுக்குள் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது வளைவில் எதிரே தோட்டத்துப் பஸ். அந்த ரோட்டில் பஸ் டிரைவர்தான் ராஜா, அவர் பின்னால் போக மாட்டார். தலையை நீட்டிப் பார்த்தார். “யம்மா, நீயா ஓட்டுதே? அண்ணாச்சிட்ட குடு, அவரு எடுப்பாரு.”

“அவருக்கு மலை ஒத்துக்காது” என்றாள் அத்தை.

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வானம். அத்தை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து, வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மட்டும் ஸ்டியரிங்கைச் சுற்றினாள். வண்டி பின்னாலேயே வளைந்து, பாறையின் இடுக்கில் பசு கொட்டிலுக்குள் நுழைவது போலப் போய் நின்றது. பஸ் பக்கத்தில் உரசாமல் இறங்கியது. தாண்டிய பிறகு டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். பஸ்ஸின் பின் ஜன்னலில் இருந்த கொழுந்து பறிக்கிற பெண்கள் கைதட்டியது பனிமூட்டத்துக்குள் கேட்டுக்கொண்டே போயிற்று.

ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசல். கம்பவுண்டர் ஐஸ் பெட்டியைத் திறந்து உள்ளே கைவைத்துப் பார்த்து, “உருகவே இல்லையே!” என்றார். மருந்துப் பெட்டிகளை எண்ணி இறக்கிக்கொண்டார். பிறகு, வண்டியை ஓட்டி வந்தது யார் என்று பார்க்காமலே, அப்பாவிடம் கேட்டார். “அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வருவீங்க?”

அத்தை அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

“என்னயக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? வண்டி என் தங்கச்சியது. அவகிட்ட கேளும்” என்றார்.